கேமரா புதிது, லென்ஸ் எது?



புதிய கேமரா வாங்கப் போகும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எந்த கேமரா நல்லது?" என்பதுதான். லென்ஸைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும். கையிலுள்ள பணத்தில் முக்கால்வாசி கேமராவுக்கே போய்விட்டிருக்கும். மீதிக்கு என்ன கிடைக்கிறதோ அதைப் பெட்டியில் போட்டு வாங்கி வந்துவிடுவார்கள். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை விட்டு மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. லென்ஸை முதலில் யோசித்துவிட்டு, அதற்குப் பிறகு கேமராவுக்கு வர வேண்டும். இதை விளக்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

அந்தக் குடும்பம் குவீன்ஸ்டவுனில் இருக்கிறது. 1953-ல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டிப் பெயர் பெற்ற, சிங்கப்பூரின் முதல் துணை நகரம் அது. குடும்பத் தலைவருக்கு அறுபது வயது ஆகப் போகிறது. தங்ளின் ஹால்ட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 2014-ல் தங்ளின் ஹால்ட் சாலையிலும் காமன்வெல்த் டிரைவிலும் இருந்த 31 புளோக்குகள் செர்ஸ் எனப்படும் மறுமேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மற்ற பல குடும்பங்களைப் போல இவர்களும் பின்னர் டாசனில் கட்டிய புது வீட்டுக்கு மாறினார்கள். கூடவே அவருடைய அம்மா இருக்கிறார். வயது 85-ஐத் தாண்டிவிட்டது. பழைய வீட்டின் நீண்ட நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகியவருக்கு, புது வீட்டில் எங்கே உட்காருவது என்றே இன்னும் பிடிபடவில்லை.

மகனுக்குப் படம் எடுப்பதில் ஆசை. அவரிடம் இருப்பது 2010-ல் வெளிவந்த நிக்கான் டி7000. அதனோடு மூன்று லென்ஸ்கள். கேமராவோடு சேர்த்தே விற்கப்பட்ட 18-105 ஜூம், 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 டி, நீண்ட 70-300 ஜூம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மகள் 4,000 வெள்ளி ஒதுக்கிவைத்திருக்கிறாள். "அப்பா, இந்தத் தடவை ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வாங்கிடலாம். லென்ஸ்தான் நம்மகிட்ட மூணு இருக்கே" என்கிறாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் உணர்கருவிக்கும் நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும். அதில் பட்டுத் திரும்பும் காட்சியைத்தான் கண்ணை வைத்துப் பார்ப்போம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும், படம் பதிவாகும். 'சடக்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் பெரும்பாலும் இந்தக் கண்ணாடியுடையதுதான். கண்ணாடி எழும்ப இடம் வேண்டும் என்பதால் லென்ஸைத் தள்ளியே வைத்தார்கள். நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் அந்த இடைவெளி 46.5 மில்லிமீட்டர். 1959-லிருந்து அதே அளவுதான். 2018-ல் வந்த இசட் மவுண்டில் கண்ணாடியை எடுத்துவிட்டதால் இடைவெளி 16 மில்லிமீட்டராகச் சுருங்கியது. கேனனில் இதே கணக்கு 44-லிருந்து 20 ஆனது.

46.5-லிருந்து 16-ஐக் கழித்தால் 30.5 மில்லிமீட்டர் மிச்சம். அந்த மிச்சத்தை ஒரு குழாய் வைத்து நிரப்பினால் பழைய லென்ஸ் புதிய கேமராவில் சரியாக உட்காரும். அந்தக் குழாய்க்குப் பெயர்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடிச் சில்லு எதுவும் கிடையாது. அதனால் படத்தின் தரம் குறையாது. இந்த வழி ஒருவழிப்பாதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய லென்ஸைப் பழைய கேமராவில் மாட்ட முடியாது.

அப்படியானால் மகள் சொன்னது சரிதானே? மூன்று லென்ஸ்களையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்போம்.

70-300 முதலில். ஏஎஃப்-எஸ் வகை, அதாவது ஃபோக்கஸ் செய்யும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஃபுல் ஃபிரேமுக்காகவே செய்யப்பட்டது. அடாப்டரில் மாட்டினால் குறையில்லாமல் வேலை செய்யும்.

அடுத்து 50 மில்லிமீட்டர். இது டி வகை. இதற்குள் மோட்டார் இல்லை. டி7000 கேமராவுக்குள் இருந்த மோட்டார், ஒரு சிறிய திருகாணி வழியாக இந்த லென்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தத் திருகாணி கிடையாது. ஆகவே படம் எடுக்கலாம், ஒளியளவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும், ஆனால் ஃபோக்கஸைக் கையால் திருப்ப வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்பும் வசதி உண்டு. அசையாத பூ, கட்டடம் என்றால் அது போதும். ஓடுகிற பேரப்பிள்ளையிடம் அது செல்லாது. கேனன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1987-ல் கேனன் இஎஃப் மவுண்டுக்கு மாறியபோதே மோட்டாரை லென்ஸுக்குள் கொண்டுபோய்விட்டது. அன்று, பழைய லென்ஸ்களைக் கைவிட்டுவிட்டார்களே என்று திட்டு வாங்கிய முடிவு அது.

மூன்றாவது 18-105. ஆண்டு முழுவதும் கேமராவிலேயே மாட்டிக் கிடந்த லென்ஸ். இது டிஎக்ஸ் வகை, சிறிய உணர்கருவிக்கென்று செய்யப்பட்டது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் இதை மாட்டினால் ஓரங்கள் இருண்டுபோகும் என்பதால், கேமரா தானாகவே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். 24 மெகாபிக்சல் கேமரா சுமார் 10 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். டி7000 தந்தது 16 மெகாபிக்சல். ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, முன்பிருந்ததைவிடச் சிறிய படத்தை அந்த வீடு எடுத்துக்கொண்டிருக்கும். கடையில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். "அங்கிள், பழைய லென்ஸ் எல்லாம் போடலாம்" என்று சொன்னது உண்மைதான். எப்படிப் போடலாம் என்று அங்கிள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

10 மெகாபிக்சல் என்றதும் பயந்துவிடவும் வேண்டாம். ஏ4 தாளில் அச்சிட அது தாராளம். கைப்பேசித் திரைக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. ஆனால் தெரிந்து செய்வது வேறு, வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்துகொள்வது வேறு.

சரி, புதிதாக எந்த லென்ஸ்தான் வாங்குவது? இதற்குப் பதில் விளம்பரத்தில் இல்லை. வீட்டுக் கணினியில் இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் அது எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்ற விவரம் சேர்ந்தே பதிவாகிறது. நன்றாக வந்தது என்று குடும்பமே ஒப்புக்கொள்ளும் படங்களில் ஒரு 200-ஐப் பொறுக்கி, அந்த எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலை. ஆயிரம் வெள்ளி மிச்சமாகலாம்.

நம் குவீன்ஸ்டவுன் தந்தை இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. 70-300 லென்ஸைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார், ஆனால் அதில் எடுத்தவை பெரும்பாலும் ஆகஸ்ட் 9-ல் பறந்த விமானங்கள். ஆண்டுக்கு ஒரு நாள். மற்றவை எல்லாம் 24-க்கும் 35-க்கும் நடுவில் குவிந்து கிடக்கின்றன. நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் அம்மா. காப்பிக் கடை நண்பர்கள். 2011 ஜூன் 30-ல் கடைசி ரயில் போன தண்டவாளம். ரயில்வே ஊழியர்கள் வழிபட்ட சிறு சன்னதியாகத் தொடங்கி, இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் திருவிழாக்கள். எல்லாமே ஓரிரு எட்டு தூரத்தில் நின்று எடுத்தவை. அவர் மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று எடுக்கிற ஆள். அவருக்கே அது இவ்வளவு நாள் தெரியாது.

டிஎக்ஸ் கேமராவில் 24 முதல் 35 வரை என்பது, ஃபுல் ஃபிரேமில் ஒன்றரை மடங்காக, 36 முதல் 52 வரை ஆகும். ஆக, அவருக்குத் தேவையான முதல் லென்ஸ் 40-ஐச் சுற்றி இருக்க வேண்டும். நிக்கான் இசட் வரிசையில் 2021-ல் வந்த 40 மில்லிமீட்டர் எஃப் 2 லென்ஸ் சரியாக அங்கே உட்காருகிறது. உள்ளங்கையில் அடங்கும், எடை 170 கிராம், விலையும் அந்த வரிசையில் கீழ்ப்படியில் இருப்பது. பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவைப் பார்த்தால் பெரியவர்கள் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள். சிறியது என்றால் பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

இங்கே எஃப் 2 என்ற எண்ணிடம் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலர் இதைத்தான் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. எண் சிறியதானால் வாய் பெரிது. எஃப் 5.6-ஐவிட எஃப் 2 கிட்டத்தட்ட 8 மடங்கு ஒளியை உள்ளே விடும். புது வீட்டின் வரவேற்பறை, இரவு எட்டு மணி, ஒரே ஒரு குழல்விளக்கு. எஃப் 5.6-ல் நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் கதவு திறந்திருக்க வேண்டும் என்றால், எஃப் 2-ல் 120-ல் ஒரு பங்கு போதும். புதிய கேமராக்கள் பலவற்றில் உணர்கருவியே அசைந்து கை நடுக்கத்தைச் சமாளித்துவிடும். அதை நம்பி, "மங்கலான லென்ஸ் இருந்தால் என்ன, கேமரா பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். கேமரா பார்த்துக்கொள்வது எடுக்கிறவரின் கை நடுக்கத்தை மட்டும். எதிரே 85 வயதுப் பாட்டி பேச்சுவாக்கில் தலையைத் திருப்பினால், 15-ல் ஒரு பங்கு நொடியில் முகம் கலைந்துவிடும். எந்தத் தொழில்நுட்பமும் அவரை அசையாமல் உட்கார வைக்காது. மறுபடி உட்கார வைத்து எடுக்கலாம் என்றால், அவர் முதலில் சிரித்த சிரிப்பு திரும்பி வராது.

எஃப் 2-ல் மிக அருகே போய் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும் ஆபத்து உண்டு. புதிய கேமராக்கள் கண்ணையே கண்டுபிடித்து ஃபோக்கஸ் செய்கின்றன, அந்த வசதியைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். குடும்பமே வரிசையாக நிற்கும் படத்துக்கு எஃப் 5.6-க்குப் போய்விடுவதுதான் பாதுகாப்பு. கோயிலில் சத்தமில்லாமல் எடுக்கலாம் என்று மின்னணு ஷட்டரைப் போடுகிறவர்கள் எல்இடி விளக்குகளைக் கவனிக்க வேண்டும். படத்தில் வரி வரியாகக் கோடு விழலாம்.

அகலமான காட்சி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். 1970-ல் திறக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் நூலகத்தின் முகப்பையோ, டாசனில் 47 மாடி உயரத்தில் இருக்கும் மொட்டைமாடிப் பூங்காவிலிருந்து தெரியும் ஊரையோ 40 மில்லிமீட்டரில் அடக்குவது சிரமம். அதற்குத்தான் அந்த 18-105 இருக்கிறது. அடாப்டரில் மாட்டினால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 27 மில்லிமீட்டரிலிருந்து காட்சி கிடைக்கும், படம் 10 மெகாபிக்சல். பகல் வெளிச்சத்தில் அது போதும். மூன்று நான்கு மாதம் கழித்து, "இந்த அகலம் போதவில்லை" என்று அவருக்கே தோன்றினால் அப்போது புதிய ஜூம் வாங்கலாம். தோன்றாமலே போகவும் கூடும்.

இத்தனையும் முடிவான பிறகு கேமராவுக்கு வந்தால், கேள்வி எளிதாகிவிடுகிறது. கையில் இருக்கும் 4,000 வெள்ளியில் 40 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் அடாப்டருக்கும் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சத்தில் வருகிற ஃபுல் ஃபிரேம் கேமரா எதுவோ அதுவே போதும். ஆரம்ப நிலை மாடலாகவோ முந்தைய தலைமுறை மாடலாகவோ அது இருக்கலாம். கேமராவில் ஆண்டுக்காண்டு புதிது வரும், பழையதன் விலை இறங்கும். நல்ல லென்ஸ் இரண்டு மூன்று கேமராக்களைப் பார்த்துவிடும். இந்த வீட்டு 70-300 லென்ஸே அதற்குச் சாட்சி. அதன் வகை 2006-ல் வந்தது, இன்னும் உழைக்கிறது.

நிக்கான் வைத்திருந்தால் நிக்கானிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வேறு குடும்பத்துக்குப் போகிறவர்கள் அந்தக் குடும்பத்தை நன்றாக விசாரித்துவிட்டுப் போக வேண்டும். பெண் கொடுக்கும் முன் விசாரிப்பதில்லையா, அப்படி. 2011-ல் வந்த நிக்கான் 1 வரிசை 2018-ல் நின்றுபோனது. 2012-ல் தொடங்கிய கேனன் எம் வரிசையின் கதை 2023-ல் முடிந்தது. சாம்சுங்கின் என்எக்ஸ் வரிசையும் காணாமல் போய்விட்டது. அந்தக் கேமராக்கள் இன்னும் படம் எடுக்கும், ஆனால் அவற்றுக்குப் புதிய லென்ஸ் வரப் போவதில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டாம்ரான், சிக்மா போன்ற நிறுவனங்கள் சோனியின் ஈ மவுண்டுக்கு நிறைய லென்ஸ்கள் செய்கின்றன. விலையும் பல நேரம் குறைவு. கேனனின் ஆர்எஃப் மவுண்டில் 2018 முதல் பல ஆண்டுகள் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. 2024-ல்தான் சிறிய உணர்கருவிக் கேமராக்களுக்கென்று டாம்ரானும் சிக்மாவும் ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ்களை அறிவித்தன. கடையில் நிற்கும்போது கேமராவின் விலை மட்டும் கண்ணில் படும். அடுத்த பத்து ஆண்டுகளில் லென்ஸுக்கு ஆகப் போகும் செலவை நிர்ணயிப்பது மவுண்ட்.

வாங்குவதற்கு சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம், பெனின்சுலா பிளாசாவும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரும் சிங்கப்பூரில் படம் எடுப்பவர்களுக்குப் பழக்கமான இடங்கள். பயன்படுத்திய லென்ஸ்களும் அங்கே கிடைக்கும். போகும்போது பழைய கேமராவையும் மூன்று லென்ஸ்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அடாப்டரை மாட்டிக் காட்டச் சொல்லிக் கடையிலேயே பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். உத்தரவாதம் உள்ளூர் விநியோகிப்பாளருடையதா, கடையினுடையதா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். விலை குறைவாக இருப்பதற்கான காரணம் சில நேரம் அங்கேதான் இருக்கும்.

பயன்படுத்திய லென்ஸ் என்றால் ஒரு கைவிளக்கும் வேண்டும். லென்ஸின் பின்புறமிருந்து ஒளியைப் பாய்ச்சி முன்புறமிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல, மரக்கிளை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். இந்த ஊரின் பெரிய சாபம் அது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சணம் குடியேற வேறொன்றும் வேண்டாம். நாளானால் அது கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது.

நம் தந்தை வீட்டிலேயே அந்தச் சோதனையைச் செய்கிறார். 18-105-ம் 70-300-ம் சுத்தமாக இருக்கின்றன. அந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும், வீடு மாறியபோது துணிகளோடு பெட்டியில் போனது, இரண்டு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. ஒளியைப் பாய்ச்சினால் ஓரத்தில் இழை தெரிகிறது. பாட்டியைப் பழைய நடைபாதையில் வைத்து எடுத்த படங்களில் நல்லவை எல்லாம் அதில் எடுத்தவைதான். சுத்தம் செய்யக் கொடுத்தால் லென்ஸின் விலையில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். மற்ற லென்ஸ்களோடு ஒன்றாக வைக்கவும் கூடாது. எடுத்துத் தனியே வைக்கிறார். எறிய மனம் வரவில்லை.

ஆகவே 4,000 வெள்ளியில் இன்னொரு பொருளுக்கும் இடம் வேண்டும். மின்சாரத்தில் ஓடும் உலர்பெட்டி. உள்ளே ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்துவிட்டால் போதும், அதற்கும் கீழே இறக்க வேண்டியதில்லை. அதற்கும் பணம் இல்லையென்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, ஈரமானியையும் உள்ளே வைத்துக் கவனித்து வரலாம். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுபோகும்போது பையை உடனே திறக்காமல் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். லென்ஸில் ஆவி படியாது.

"அப்போ ஃபுல் ஃபிரேம் நல்ல மாடல் வாங்க முடியாதாப்பா?" என்று மகள் கேட்கிறாள். அவள் நினைத்து வைத்திருந்தது கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நடுவில் வைத்திருக்கும் கேமரா. அப்பா தாளைக் காட்டுகிறார். எண்கள் எழுதிய அந்தத் தாள். "பாரும்மா, நான் எடுக்கிறதெல்லாம் இங்கதான் இருக்கு" என்று 35 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போடுகிறார். உள்ளே பாட்டி, யாரைப் படம் எடுக்க இவ்வளவு கணக்கு என்று மருமகளிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.